நெஞ்சில் யார் பெயர், முதுகில் யார் பெயர்

வெயில் ஏறத் தொடங்கினால் வளவனூர்ச் சுவர்களில் போஸ்டர் ஒட்ட இடம் கிடைக்காது. மாபெரும் கைப்பந்துப் போட்டி, மாபெரும் கபடிப் போட்டி. 'மாபெரும்' இல்லாமல் எங்கள் பக்கம் ஒரு போட்டியும் நடந்ததில்லை. போஸ்டரில் முக்கால்வாசி இடம் பரிசுத்தொகை கொடுப்பவர்களின் படங்களுக்குப் போய்விடும். ஆடுகிறவன் முகம் எங்கேயும் இருக்காது.

அணியின் ஜெர்சியும் அப்படித்தான். நெஞ்சில் ஜல்லி, மணல் சப்ளை செய்பவர். முதுகில் மெடிக்கல் ஷாப். கைப்பக்கம் கட்சி வண்ணத்தில் ஒரு பட்டை. மிச்சமிருக்கும் இடத்தில் நம்பர். காசு கொடுத்தவர் சொன்ன கலரில் வரும், பையன்கள் போட்டுக்கொண்டு ஆடுவார்கள். போடுகிறவனைக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. போடுகிறவனுக்கும் தோன்றியதில்லை. சும்மா கிடைக்கிற ஜெர்சியில் என்ன குறை சொல்வது?

என் சித்தப்பா மகன் விழுப்புரத்தில் ஜெர்சி அடித்துக் கொடுக்கிறான். டாட் நிட் துணி திருப்பூரிலிருந்து வரும். டிசைனைக் கம்ப்யூட்டரில் போட்டு, தாளில் அச்சடித்து, அந்தத் தாளைப் பாலியஸ்டர் துணிமேல் விரித்து 200 டிகிரி வாக்கில் சூடுவைத்து அழுத்தினால் மை ஆவியாகித் துணிக்குள் இறங்கிவிடும். சப்ளிமேஷன் என்பார்கள். பருத்தித் துணியில் இது நிற்காது. முன்பெல்லாம் ஸ்கிரீன் பிரிண்டிங். கலருக்கு ஒரு ஃபிரேம், ஆறு கலர் என்றால் ஆறு ஃபிரேம், ஒவ்வொன்றும் காய வேண்டும், கூலியும் ஆறு மடங்கு ஏறும். அதனால்தான் அந்தக் காலத்து ஜெர்சிகள் ஒரு கலர், மிஞ்சினால் இரண்டு கலரோடு நின்றன. இப்போது ஒரு கலரும் அறுபது கலரும் ஒரே விலை. வானவில் ஜெர்சிகள் உலகமெங்கும் பெருகியதற்கு மனிதர்களின் மனசு விசாலமானது மட்டும் காரணமல்ல, இந்த மெஷினுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. அவன் அதைக் கேட்டுச் சிரிக்கிறான்.

அவனிடம் ஒரு சித்திரை மாதத்தில் கேட்டேன், திருநங்கைகள் யாராவது டீம் ஜெர்சி அடிக்க வந்திருக்கிறார்களா என்று. "டான்ஸ் குரூப்புக்கு டி-ஷர்ட் கேட்டு வந்திருக்காங்கண்ணா. டீமுன்னு சொல்லிக்கிட்டு யாரும் வரல" என்றான். அவன் குரலில் கிண்டல் இல்லை. வியாபாரக் கணக்கில் சொன்னான்.

விழுப்புரத்தில் நின்றுகொண்டு கேட்க வேண்டிய கேள்விதான் அது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி ஊரில் லாட்ஜ் ரூம் கிடைக்காது. இந்தியா முழுக்க இருந்து திருநங்கைகள் வந்து இறங்குவார்கள். கூவாகம் 2019-லிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டக் கணக்கு. ஆனாலும் 'மிஸ் கூவாகம்' மேடையென்றால் எல்லோருக்கும் விழுப்புரம்தான் ஞாபகம் வரும். கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்வது, மறுநாள் அழுகளத்தில் தாலியறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவைக்கு மாறுவது எல்லாம் வருஷா வருஷம் பேப்பரில் வருகிறது. அந்தக் கூட்டத்தைப் படமெடுக்க வருகிற கேமராக்களைப் பாருங்கள்: புடவை, பூ, நகை, மேக்கப். பட்டுக்கும் ஜிகினாவுக்கும் நடுவில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ இருந்திருந்தாலும் அது எந்த ஃபிரேமிலும் விழாது. திருநங்கை என்றால் ஆடுவார், பாடுவார், அழகிப் போட்டியில் நடப்பார். ஸ்மாஷ் அடிப்பார், ரெய்டு போவார் என்று நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த விசாரணையில் இறங்கித்தான் வெளியூர்க் கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். பால்புதுமையினர் (எல்.ஜி.பி.டி.க்யூ) விளையாட்டுப் போட்டிகளில் யார் என்ன போட்டுக்கொண்டு ஆடினார்கள் என்று தேடப்போனால், எடுத்த எடுப்பிலேயே ஒரு டி-ஷர்ட் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது.

டாம் வாடெல் என்று ஒரு டாக்டர். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவுக்காக டெகத்லான் ஆடி ஆறாவது இடம் பிடித்தவர். தன்பாலீர்ப்பாளர். சான் பிரான்சிஸ்கோவில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 1982-ல் ஒரு போட்டிக்கு ஏற்பாடு செய்தார். தகுதிச் சுற்று கிடையாது, யார் வேண்டுமானாலும் வந்து ஓடலாம், நீந்தலாம். 'கே ஒலிம்பிக் கேம்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். டி-ஷர்ட், பட்டன், வண்டியில் ஒட்டும் ஸ்டிக்கர் எல்லாவற்றிலும் அந்தப் பெயரை அடித்து விற்று நிதி சேர்த்தார்கள். அங்கே ஜல்லி சப்ளையர் ஸ்பான்சர் இல்லை பாருங்கள், டி-ஷர்ட் விற்றால்தான் காசு.

போட்டி தொடங்க மூன்று வாரம்கூட இல்லாத நேரத்தில் அமெரிக்க ஒலிம்பிக் கமிட்டி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கியது. 'ஒலிம்பிக்' என்ற சொல் எங்களுக்குச் சொந்தம், 1978-ல் நாடாளுமன்றமே சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறது என்றது. அச்சடித்ததிலிருந்தெல்லாம் அந்த ஒரு சொல்லை எடுக்க வேண்டியதாயிற்று. ஜெர்சித் தொழிலில் இருப்பவனுக்கு இதன் வலி புரியும். நம்பர் தப்பாக விழுந்தால் மேலே ஒரு துண்டுத் துணி வைத்துத் தைக்கலாம். நெஞ்சின் நடுவில் இருக்கும் சொல்லை என்ன செய்வது?

இத்தனைக்கும் போலீஸ்காரர்கள் ஒலிம்பிக்ஸ் என்று நடத்தியிருக்கிறார்கள், நாய்களுக்கு ஒலிம்பிக்ஸ் நடந்திருக்கிறது, எலிகளுக்குக்கூட நடந்திருக்கிறது. அங்கெல்லாம் சொல் தேய்ந்துபோகும் என்று கமிட்டி பயப்படவில்லை.

'கே கேம்ஸ்' என்று இரண்டே சொல்லோடு 1982 ஆகஸ்ட் 28-ஆம் தேதி கெஸார் ஸ்டேடியத்தில் போட்டி தொடங்கியது. சுமார் 1,350 பேர் கலந்துகொண்டார்கள். டீனா டர்னர் வந்து பாடினார். நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரைக்கும் ஜோதி ஓட்டம், கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். வழக்கு ஓயவில்லை. 1987 ஜூன் 25-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒலிம்பிக் கமிட்டி பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பைப் படித்தால், விற்ற டி-ஷர்ட்டும் பட்டனும் ஸ்டிக்கரும் வரிசையாக எழுதியிருக்கும். வழக்குச் செலவுக்காக வாடெலின் வீட்டின்மேல் 90,000 டாலருக்கும் மேல் பாத்தியதை போட்டு வைத்தது கமிட்டி. அவர் அப்போது எய்ட்ஸ் முற்றிப் படுத்த படுக்கை. தீர்ப்பு வந்த பதினாறாம் நாள், ஜூலை 11, இறந்துபோனார். தன் நாட்டின் பனியனைப் போட்டுக்கொண்டு ஒலிம்பிக்ஸில் ஆடிய ஆளுக்குத்தான் அந்தச் சொல்லைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறார்கள்.

கே கேம்ஸில் எனக்குப் பிடித்த ஒரு ஏற்பாடு உண்டு. அணிகள் பெரும்பாலும் நாட்டின் பெயரில் வருவதில்லை, ஊர்ப் பெயரில் வருகின்றன. டீம் சிட்னி, டீம் சான் பிரான்சிஸ்கோ. தேசிய சம்மேளனத்தின் அனுமதி, சின்னம், நிறம் எதுவும் தேவையில்லை. ஊர்க்காரர்கள் நாலு பேர் உட்கார்ந்து பேசினால் சீருடை தயார். அந்தக் கணக்கில் டீம் வளவனூர் என்று ஒன்று போகவும் தடையில்லை. 2023 நவம்பரில் ஹாங்காங்கும் மெக்சிகோவின் குவாதலஹாராவும் சேர்ந்து நடத்தினார்கள். ஆசியாவுக்கு இந்தப் போட்டி வந்தது அதுதான் முதல் முறை.

சீருடையென்றதும் எல்லோரும் வானவில்லைத்தான் சொல்கிறார்கள், அதையும் பார்த்துவிடுவோம். பால்புதுமையினரின் அந்த வானவில் கொடி முதன்முதலில் ஏறியதும் ஒரு ஜூன் 25, வருஷம் 1978, ஊர் அதே சான் பிரான்சிஸ்கோ. கலைஞர் கில்பர்ட் பேக்கரும் தொண்டர்கள் முப்பது பேரும் பெரிய குப்பைத் தொட்டிகளில் சாயத்தைக் கரைத்து வெள்ளைத் துணியை முக்கி எடுத்திருக்கிறார்கள். அலச இடமில்லை. காசு போட்டுத் துவைக்கும் பொது லாண்டரிக்கு ராத்திரியில் கொண்டுபோய் அலசியிருக்கிறார்கள். அங்கே சாயத்துணி போடக்கூடாது என்பது விதி. அடுத்து உள்ளாடை துவைக்க வந்தவர் கதி என்ன ஆனதோ.

முதலில் எட்டு நிறம். சில மாதங்களில் கொடிக்கு ஆர்டர் குவிந்தது. அடர் இளஞ்சிவப்புத் துணி மொத்தமாகக் கிடைக்கவில்லை, அது போயிற்று. 1979-ல் ஊர்வலத் தெருவின் இரண்டு பக்க விளக்குக் கம்பங்களிலும் பாதிப் பாதியாகத் தொங்கவிட இரட்டைப்படை வேண்டும் என்று இன்னொரு நிறமும் கழிந்தது. இன்று உலகம் முழுக்கப் பறக்கிற ஆறு நிறம் இப்படித்தான் வந்தது. நெசவு ஊர் மனிதனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வளவனூரிலிருந்து கொஞ்ச தூரத்தில் சிறுவந்தாடு, பட்டு நெய்கிற ஊர். அங்கே ஒரு புடவையின் நிறத்தை முடிவு செய்வதில் ரசனைக்குப் பாதி வேலைதான், மீதி பாதி சாயம் போட்டு வந்த நூல் எது என்பதைப் பொறுத்தது.

இனி என் மண்டையைக் குடைந்த கதைக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில் மேன்லி சீ ஈகிள்ஸ் என்று ஒரு ரக்பி லீக் அணி. 2022 ஜூலையில் ஒரு மேட்சுக்கு மட்டும் தங்கள் ஜெர்சியின் வெள்ளைக் கோடுகளை வானவில் கோடுகளாக மாற்றினார்கள். 'எல்லோருக்கும் இடமுண்டு' என்கிற நல்ல எண்ணம்தான். மேட்ச் வாரத்தில் ஜெர்சியை வெளியிட்டார்கள். அப்போதுதான் வீரர்களுக்கே விஷயம் தெரிந்தது. ஏழு பேர் மத நம்பிக்கையைக் காரணம் சொல்லி, போடமாட்டோம், ஆடவும் மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கோச் டெஸ் ஹாஸ்லர் பத்திரிகையாளர்கள் முன்னால் உட்கார்ந்து இரண்டு தரப்பிடமும் மன்னிப்புக் கேட்டார், வீரர்களையும் கேட்கவில்லை, சம்பந்தப்பட்ட சமூகத்தையும் சரியாகக் கலந்துபேசவில்லை என்று. ஜூலை 28-ஆம் தேதி மேட்ச். சிட்னி ரூஸ்டர்ஸ் 20–10 என்று ஜெயித்தது. ஜெர்சி மட்டும் கடையில் விற்றுத் தீர்ந்துவிட்டது.

அந்த ஏழு பேர்மேல் எனக்கு வருத்தம் உண்டு. சாராய விளம்பரம், சூதாட்ட விளம்பரம் போட்ட ஜெர்சியெல்லாம் அந்த நாட்டு விளையாட்டில் சகஜம், அதற்கெல்லாம் உறுத்தாத மனசாட்சி வானவில் கோட்டுக்கு மட்டும் ஏன் விழித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் அந்த கிளப் அலுவலகத்தின்மேல். இதே மேன்லி அணியில் ஆடிய இயன் ராபர்ட்ஸ் 1995-லேயே தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்னவர். ரக்பி லீக்கில் அப்படிச் சொன்ன முதல் ஆள். அவர் வாழ்ந்த வாழ்க்கையை வைத்து அணிக்குள் ஒரு மணி நேரம் பேசியிருந்தால் ஏழு பேரில் நாலு பேராவது யோசித்திருப்பார்கள். ஜெர்சி பார்சலாக வந்து இறங்கியதும் மனசு மாற வேண்டும் என்று எதிர்பார்த்தால் எப்படி? எங்கள் ஊர் ஸ்பான்சர் செய்வதையே அங்கே பெரிய கிளப் செய்திருக்கிறது. இவர் ஜல்லியை நெஞ்சில் ஒட்டினார், அவர்கள் கொள்கையை ஒட்டினார்கள்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கிலும் இதே கூத்து. மேட்சுக்கு முன் வார்ம்-அப்பில் வானவில் ஜெர்சி போடுவது அங்கே வழக்கமாகி வந்தது. 2023 ஜனவரியில் பிலடெல்பியா அணியின் இவான் புரோவொரோவ் போடமாட்டேன் என்றார், வேறு சிலரும் தொடர்ந்தார்கள். அந்த ஜூனிலேயே லீக், இனி எந்தச் சிறப்பு ஜெர்சியும் வார்ம்-அப்பில் வேண்டாம் என்று முடித்துக்கொண்டது. சர்ச்சைக்குப் பயந்து புற்றுநோய் விழிப்புணர்வு ஜெர்சியும் கூடவே போயிற்று.

இதற்கு நேர் எதிரான ஒரு கதை 2018-ல் ரஷ்யாவில் நடந்தது. உலகக் கோப்பைக் கால்பந்து. வானவில் கொடியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்றால் 2013-ஆம் வருஷச் சட்டப்படி போலீஸ் பிடிக்கலாம். ஸ்பெயின் நாட்டு அமைப்பு ஒன்றின் ஏற்பாட்டில் ஆறு நாட்டைச் சேர்ந்த ஆறு பேர் மாஸ்கோ போனார்கள். ஆளுக்கு ஒரு ஜெர்சி, அவரவர் நாட்டு கால்பந்து ஜெர்சி. ஸ்பெயின் சிவப்பு, நெதர்லாந்து ஆரஞ்சு, பிரேசில் மஞ்சள், மெக்சிகோ பச்சை, அர்ஜென்டினா நீலம், கொலம்பியாவின் கருநீலம் ஊதாவுக்கு. வரிசையாக நின்றால் கொடி, கலைந்தால் சாதாரண ரசிகர்கள். ரெட் ஸ்கொயரில் நின்றார்கள், மெட்ரோவில் நின்றார்கள், போலீஸ்காரர்களின் பக்கத்திலேயே நின்று படமெடுத்துக்கொண்டார்கள். புதுசாக ஒரு தையல்கூடப் போடவில்லை. வரிசையைத் தவிர அவர்கள் எதையும் தயாரிக்கவில்லை. என்னைக் கேட்டால் உலகத்திலேயே சிறந்த பால்புதுமையினர் அணிச் சீருடை அதுதான். அவர்கள் ஒரு பந்தைக்கூட உதைக்கவில்லை என்று நீங்கள் ஆட்சேபிக்கலாம்.

பந்து உதைத்தவர்கள் மணிப்பூரில் இருக்கிறார்கள். அங்கே ஹோலிக் காலத்தில் வருகிற யாவோஷாங் பண்டிகையென்றால் தெருவுக்குத் தெரு விளையாட்டுப் போட்டி. நம்மூர்ப் பொங்கல் போட்டிகள் மாதிரி, ஆனால் ஐந்து நாள். யா_ஆல் என்கிற அமைப்பு, சதாம் ஹஞ்சபம் தொடங்கியது, இம்பாலில் 2020-ல் திருநம்பிகளைக் கொண்டு ஒரு கால்பந்து அணியைத் திரட்டியது. இந்தியாவின் முதல் திருநர் கால்பந்து அணி என்று அதைச் சொன்னார்கள்.

இங்கேதான் என் தம்பியின் தொழில் அறிவு எனக்கு உதவியது. வண்ணத்தைப் பற்றி நான் பேசிக்கொண்டிருந்தபோது அவன் கேட்டது வேறு: "கட்டிங் யாருதுண்ணா? ஜென்ட்ஸ் கட்டிங்கா, லேடீஸ் கட்டிங்கா?" பெண்கள் ஜெர்சி என்றால் இடுப்பில் பிடித்து, கையைக் குட்டையாக்கி, கழுத்தை இறக்கித் தைப்பார்கள். திருநம்பி ஒருவர் பெண்கள் அணியில் ஆடி வந்திருந்தால் வருஷக்கணக்கில் அந்தக் கட்டிங்கைத்தான் போட்டிருப்பார். மார்பை இறுக்கிக் கட்டும் பைண்டர் பலர் அணிவார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஓடினால் மூச்சு முட்டும். ஆட்டத்தின்போது இறுக்கமான பைண்டர் வேண்டாம், ஸ்போர்ட்ஸ் பிரா போதும் என்றுதான் மருத்துவ ஆலோசனை. அப்படியானால் மிச்சத்தை ஜெர்சிதான் மறைக்க வேண்டும். தோளிலிருந்து நேராக இறங்கும் கட்டிங், அடர் நிறம், வியர்வையில் நனைந்தாலும் உடம்போடு ஒட்டாத கனமான துணி. வெள்ளை ஜெர்சி ஆகவே ஆகாது. மழையில் ஒரு மேட்ச் ஆடினால் போதும், மைதானத்தைவிட்டுப் போய்விடத் தோன்றும்.

திருநங்கைகளுக்கு வேறு கணக்கு. தோள் அகலம் ஆண்கள் சைஸில் இருக்கும், உடம்பு பெண்கள் கட்டிங் கேட்கும். கடையில் ரெடிமேடாக இரண்டும் சேர்ந்து கிடைக்காது. ஷார்ட்ஸ் எத்தனை நீளம், உள்ளே டைட்ஸ் உண்டா என்பதையெல்லாம் ஆடுகிறவரைக் கேட்காமல் முடிவு செய்யவே முடியாது. திருநருக்கு மட்டுமா இது? 2021-ல் நார்வேயின் பெண்கள் கடற்கரை ஹேண்ட்பால் அணி பிகினிக்குப் பதிலாக ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு இறங்கியதற்கு 1,500 யூரோ அபராதம் கட்டச் சொன்னார்கள். ஆண்கள் ஷார்ட்ஸில் ஆடலாமாம். ஊர் சிரித்த பிறகு அந்த வருஷமே விதியை மாற்றினார்கள்.

தாய்லாந்தின் லம்பாங் அணியையும் சொல்ல வேண்டும். 1996-ல் ஆண்கள் வாலிபால் தேசியப் பட்டத்தை ஜெயித்த அணி அது. ஆடியவர்களில் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பாளர்களும் திருநங்கைகளும். 'சத்ரீ லெக்' என்று 2000-ல் அவர்களைப் பற்றிப் படமும் வந்தது, ஓடு ஓடென்று ஓடியது. ஆண்கள் பிரிவு, ஆண்கள் ஜெர்சி, முகத்தில் பவுடர். யாராவது விசில் ஊதித் தடுத்திருந்தால் கோப்பை போயிருக்கும்.

அரசாங்கமே முன்வந்து நடத்தியது கேரளத்தில். 2017 ஏப்ரலில் திருவனந்தபுரம் சென்ட்ரல் ஸ்டேடியத்தில் மாநில விளையாட்டுக் கவுன்சில் திருநர்களுக்கென்று தடகளப் போட்டி வைத்தது. மாவட்டவாரியாக அணிகள். பக்கத்து நாடு நேபாளம் அதற்கும் முந்திக்கொண்டது: 2012 அக்டோபரில் ப்ளூ டயமண்ட் சொசைட்டி காத்மாண்டுவில் தெற்காசியாவின் முதல் பால்புதுமையினர் விளையாட்டு விழாவை நடத்தியது, ஒலிம்பிக் டைவிங் வீரர் கிரெக் லூகானிஸ் விருந்தினராக வந்திருந்தார். திருநர்களுக்கு நல வாரியம் என்று 2008-லேயே அமைத்து நாட்டுக்கு வழிகாட்டிய தமிழ்நாடு இந்த ஒரு விஷயத்தில் மெத்தனமாக இருக்கிறது என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புதுக்கோட்டை கத்தக்குறிச்சி சாந்தியை இந்தப் பட்டியலில் சேர்ப்பது நியாயமில்லை. அவர் ஓடியது எல்லோரும் ஓடுகிற ஆசிய விளையாட்டில். 2006 தோஹா, பெண்கள் 800 மீட்டர், வெள்ளி. பிறகு பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் நிலைக்குப் போய், பின்னால் பயிற்சியாளராக மீண்டார். ஆனாலும் சீருடையைப் பற்றி எழுதும்போது அவர் நினைவு வராமலிருக்காது. ஜெர்சி கொடுக்கும்போது அளவு எடுத்தார்கள், பறிக்கும்போதும் உடம்பைத்தான் அளந்தார்கள். அதே மாதிரி ஒரு விதியால் 2014-ல் ஓரங்கட்டப்பட்ட ஒடிசாவின் துதி சந்த் சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் 2015-ல் ஜெயித்தார். நெசவுக் குடும்பத்துப் பெண். 2019-ல் தான் ஒரு பெண்ணை நேசிப்பதாகச் சொன்னார். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் தொடக்க விழாவில் டைவிங் வீரர் டாம் டேலியோடு வானவில் கொடி பிடித்து நடந்தவர்களில் அவரும் ஒருவர். அப்போது காமன்வெல்த்தின் 56 நாடுகளில் 35-ல் தன்பாலுறவு குற்றம்.

நம்பரும் வண்ணமும் கட்டிங்கும் முடிந்தால் மிச்சம் முதுகுப் பெயர். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒரு திருநங்கை தன் பெயரைக் காகிதத்தில் மாற்ற எத்தனை வாசல் ஏற வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கெஜட்டில் பெயர் மாற்றம், 2019 சட்டம் சொல்கிற கலெக்டர் சான்றிதழ், பிறகு ஆதார், பிறகு பேங்க் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் மட்டும் பழைய பெயரிலேயே முறைத்துக்கொண்டு கிடக்கும். போட்டிக்கு நுழைவுப் படிவத்தில் ஆதாரில் உள்ளபடி எழுது என்பார்கள். ஸ்கோர் ஷீட்டில் அந்தப் பெயர், மைக்கில் அந்தப் பெயர். நடுவர் விசில் ஊதி அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதி ஆட்டம் அங்கேயே போயிற்று.

ஜெர்சிக் கடைக்காரன் ஆதார் கேட்பதில்லை. சொன்ன பெயரை அடித்துத் தருவான். மாற்றிக்கொண்ட பெயர் இரண்டங்குல எழுத்தில், ஊரே படிக்கிற மாதிரி முதுகில் ஏறுவதற்கு அங்கே எந்தக் கையெழுத்தும் வேண்டாம். போட்டி நடத்துகிறவர்கள் ஒன்று செய்யலாம்: படிவத்தில் ஆதார் பெயருக்கு ஒரு கட்டம், ஜெர்சிப் பெயருக்கு ஒரு கட்டம். மைக்கில் இரண்டாவது கட்டத்தை மட்டும் வாசிக்கச் சொல்ல வேண்டும். செலவு ஒரு ரூபாய் கிடையாது.

இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். டீம் வந்தால் ஸ்பான்சர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நெஞ்சில் தன் கடைப் பெயரைச் சின்னதாகப் போட்டுக்கொண்டால் பாதி விலைக்கு அடித்துத் தருகிறேன் என்றான். போட்டுக்கொள்ள அவர்களுக்குச் சம்மதமா என்று முதலில் கேள் என்றேன். கேட்கிறேன், ஆனால் ஆளாளுக்கு வந்து அளவு கொடுக்கணும், வாட்ஸ்அப்பில் 'எக்ஸெல் நாலு, டபுள் எக்ஸெல் மூணு' என்று அனுப்பினால் எடுக்கமாட்டேன் என்கிறான். தோள், மார்பு, உயரம் மூன்றும் வேண்டுமாம். முதுகுப் பெயர் தமிழில் வேண்டுமென்றால் ரெண்டு நாள் முன்னாடியே சொல்லிவிட வேண்டும். யூனிகோட் எழுத்து அவன் சாஃப்ட்வேரில் உடைந்துபோகும், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். பாமினியில் திரும்ப அடிக்க வேண்டும்.